கட்டார் கிட்ட, கட்டுநாயக்கா தூரம்

மட்டக்களப்பிலிருந்து சென்னைக்கு வானத்தால் அளந்தால் சுமார் 600 கிலோமீற்றர், கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அளந்தால் 640க்குக் கிட்ட. அப்படிப் பார்த்தால் கொழும்புக்காரரை விட நாங்கள்தான் சென்னைக்குப் பக்கம். என்ன பிரயோசனம், திமிலைதீவுப் பக்கம் இருக்கிற நம்மட விமான நிலையத்திலிருந்து நேரே சென்னைக்குப் பறக்க ஒன்றும் இல்லையே. பாசிக்குடாவுக்கு வரும் வெளிநாட்டுக்காரரை நம்பிச் சின்ன விமானங்கள் வந்து போனதுண்டு, அவ்வளவுதான்.

இணையத்தில் இரண்டு ஊரின் பெயரைப் போட்டால் தூரத்தையும் நேரத்தையும் டக்கென்று காட்டும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் அவை செய்வது, பூமி உருண்டையின் மேல் ஒரு விமான நிலையத்திலிருந்து மற்றதுக்கு ஆகக் குறுகிய கோட்டைப் போட்டு, அதை ஜெட் விமானத்தின் வேகத்தால் பிரித்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் கூட்டிச் சொல்வது. கணக்கில் பிழை இல்லை, ஆனால் வீட்டுப் படலையிலிருந்து கட்டுநாயக்கா வரைக்கும் நாம் படுகிற பாடு அதில் எங்கேயும் இல்லை.

கட்டுநாயக்காவுக்கு நேர்கோட்டில் 200 கிலோமீற்றர் சொச்சம்தான். வேனில் வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று சுற்றிப் போகும்போது அது 300ஐத் தொடும். ஹபரணைக் காட்டுப் பக்கம் இரவில் யானை றோட்டில் நின்றால் அது விலகும் வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும், இடையில் தேத்தண்ணிக்கும் நிற்பாட்டுவார்கள், ஆக 6, 7 மணித்தியாலம். கட்டுநாயக்காவிலிருந்து கட்டாரின் தலைநகர் டோஹா சுமார் 3,600 கிலோமீற்றர், விமானத்தில் 5 மணித்தியாலமளவில் போய்விடலாம்! வழியனுப்பப் போன குடும்பம் வீடு வந்து சேர முதல் போனவர் அங்கே இறங்கி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிடுவார்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் இன்னொரு குழப்பம். மச்சானின் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு மாமி கேட்டா, "இரவு 8 மணிக்கு வெளிக்கிட்டு பத்தரைக்குப் போய்ச் சேருதாம், இரண்டரை மணித்தியாலம்தானா கட்டார்?" வெளிக்கிடும் நேரம் நம்முடையது, சேரும் நேரம் அவர்களுடையது, கட்டார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். திரும்பி வரும்போது இதே வித்தியாசம் மற்றப் பக்கம் விழும், டிக்கெட்டைப் பார்த்தால் 7 மணித்தியாலம் பறப்பதுபோல இருக்கும். உண்மையில் மேலே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று தள்ளிவிடுவதால் வரும் பயணம்தான் பெரும்பாலும் கொஞ்சம் சுருக்கம். மாமிக்கு இதை இரண்டு தரம் சொல்லியும் அவ நம்பவில்லை, அது வேற கதை.

சென்னைக்குப் போகிறவர்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தையும் யோசிக்கலாம். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், அங்கிருந்து சென்னை 350 கிலோமீற்றர்தான். ஆனால் நாம் வவுனியா போய் ஏ9 ஆல் யாழ்ப்பாணம் ஏற வேண்டும், அதுவும் அரை நாள். எனக்குக் கேட்டால் கட்டுநாயக்காதான், ஒரு விமானத்தை விட்டாலும் இன்னொன்று இருக்கும்.

இரவு 8 மணி விமானம் என்றால் 5 மணிக்கு அங்கே நிற்க வேண்டும், ஆகவே காலை 9 மணிக்கே வெளிக்கிடுங்கள். "அஞ்சு மணித்தியாலத்தில கொண்டுபோய் விடுறன் அண்ணன்" என்று வேன்காரத் தம்பி சொல்வதைக் கேட்டுப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறாதீர்கள்.