கிளிசரோல் மூன்று அடுக்காகப் பிரிந்தது

பொரித்துக் கழித்த சமையல் எண்ணெயை மெதனோலும் ஊக்கியும் சேர்த்து டீசலாக்குவது, அதாவது பயோடீசல் செய்வது, ஒரு பின்னேர வேலை. பீப்பாவின் அடியில் தங்கும், கிளிசரோலும் சவர்க்காரமும் கலந்த அந்தக் கறுப்புப் பாணியோடு மல்லுக்கட்டுவதுதான் மிச்ச நாளெல்லாம். இந்த முறை அமிலம் விட்டதும் அது ஒழுங்காகப் பிரிந்தது. மேலே கருமண்ணிறத்தில் கொழுப்பமிலம், நடுவில் தெளிந்த கிளிசரோல், அடியில் வெள்ளை உப்பு. ஒரு போத்தலில் பிடித்துவைத்து வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன். யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை, அது வேறு கதை.

என் எண்ணெய் மட்டக்களப்புக்குப் பக்கத்துக் காத்தான்குடியில் ஒரு றோல்ஸ் பொரிக்கும் கடையிலிருந்து வருகிறது. பாதிக்கு மேல் தேங்காய் எண்ணெய், மிச்சம் பாம் எண்ணெய். இதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரர் எழுதிவைத்திருக்கும் அளவுகள் பெரும்பாலும் சோயா எண்ணெய்க்கு. தேங்காய் எண்ணெயில் லோரிக் அமிலம்தான் அதிகம், 12 காபன் கொண்ட குட்டைச் சங்கிலி. சங்கிலி குட்டை என்றால் ஒரு லீற்றரில் மூலக்கூறுகள் கூட. மூலக்கூறு கூடினால் மெதனோலும் கூட வேண்டும், கீழே இறங்கும் கிளிசரோலும் கூடும். சோயாவுக்குக் கணக்குப்படி தேவைப்படும் மெதனோல் கனவளவில் 13 வீதம் அளவில் வரும். சுத்தத் தேங்காய் எண்ணெய்க்கு 17 வீதத்தைத் தொடும். எல்லோரும் ஊற்றுகிற 20 வீதத்தை ஊற்றினால் மிகையென்று சொல்ல அவ்வளவாக ஒன்றும் மிஞ்சாது. நான் 24க்கு ஏற்றிவிட்டேன். 3/27 சோதனையில் (3 மில்லிலீற்றர் டீசலை 27 மில்லிலீற்றர் மெதனோலில் விட்டு, மாறாத எண்ணெய் தங்குகிறதா என்று பார்ப்பது) அடியில் ஒரு சொட்டும் தங்கவில்லை.

ஊக்கிக்கு இப்போது பொட்டாசியம் ஐதரொட்சைட்டு மட்டும்தான். சோடியம் மலிவு, எந்த ஹாட்வெயாரிலும் கோஸ்டிக் சோடா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆனால் அதில் வரும் கிளிசரோல் ஆறியதும் இறுகிவிடும், குழாய்க்குள் இறுகினால் அந்தக் கிழமை போச்சு. பொட்டாசியம் என்றால் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் வரும் உப்பும் உரத்துக்கு உதவும். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருக்கிறது, அதுதான் கரைச்சல். போன தடவை கூரியரில் வந்த பை ஓரத்தில் பிரிந்திருந்தது. நம்முடைய கடல்காற்றுக்கு அந்தச் சீவல்கள் ஒரு மணித்தியாலத்தில் வியர்த்து ஒட்டிக்கொள்ளும். "பொதி சரியாத்தானே இருக்கு" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமிலம் விட முன் கறுப்புப் பாணியை டீசலுக்கு அடியிலிருந்து வடித்தெடுக்க வேண்டும். பிரிப்பதில் என்னை இவ்வளவு காலம் அலைக்கழித்தது அமிலம் அல்ல, அந்த வடிகுழாய். புது எண்ணெய் என்றால் மேலே பொன்னிறம், கீழே கறுப்பு, கண்ணாலேயே வெட்டி எடுக்கலாம். றோல்ஸ் பொரித்துக் கறுத்த எண்ணெயில் இரண்டுமே இருட்டு. நடுவில் சவர்க்காரமும் இரண்டும் கலந்த கொழகொழப்பான ஒரு படை வேறு. வடிக்கும் வால்வைச் சீக்கிரம் மூடினால் கிளிசரோல் டீசலோடு மேலே தங்கி, தண்ணீரால் கழுவும்போது பால்போலக் கலங்கும். பிந்தினால் நல்ல டீசல் கீழே போய்விடும்.

இப்போது பீப்பாவின் அடியில் இரண்டு வால்வு, இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு சாண் நீளத் தடித்த கண்ணாடிக் குழாய். அதற்குள் வெட்டிப் போட்ட ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. கதாநாயகன் அந்தத் துண்டுதான். பழைய பால் கானிலிருந்து வெட்டியது, அடர் பொலித்தீன், அடர்த்தி 0.95 அளவில். பயோடீசல் 0.88, மெதனோலும் சவர்க்காரமும் கலந்த கிளிசரோல் 1க்கு மேல். ஆகவே டீசலில் அது தாழும், கிளிசரோலில் மிதக்கும். கிளிசரோல் ஓடும்வரை குழாயின் மேல் முனையில் போட்ட வலையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்லை குழாய்க்குள் வந்ததும் அதோடு சேர்ந்து மெல்ல இறங்கும். துண்டு இறங்கத் தொடங்கினால் கீழ் வால்வைக் கால்வாசிக்கு மூடு, பாதிக்கு வந்தால் முழுதாக மூடு. பின்னால் ஒரு டோர்ச் லைட், அவ்வளவுதான். சாதாரண இறப்பர்த் துண்டு போட வேண்டாம், பயோடீசலில் ஊதிவிடும். வால்வு துருப்பிடிக்காத உருக்கு. பித்தளையும் செம்பும் டீசலைக் கெடுக்கும். அலுமினியத்தை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது, காரம் பட்டால் ஐதரசன் வாயு கிளம்பும். சிலர் தண்ணீர் வடிகட்டியின் பளிங்குக் கூட்டைப் பூட்டுகிறார்கள். அந்த வகைப் பிளாஸ்டிக்கில் பயோடீசல் பட்டால் விரிசல் விழும் என்பதால் நான் அதைத் தொடவில்லை. கண்ணாடியும் உடையக்கூடியதுதான், அதனால் சுற்றிக் கம்பிவலை, அடியில் பெரிய வாளி.

இறக்கும்போது சூடு 45 பாகைக்குப் பக்கத்தில் இருந்தால் இறங்குவது சுகம். அதற்கு மேல் வேண்டாம். மெதனோல் 64.7 பாகையில் கொதிக்கும், ஆனால் ஆவி அதற்கு எவ்வளவோ முன்பே எழும்பும். அது தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை தெரியாது, நம்முடைய மத்தியான வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆகவே எல்லாம் வெளிவளவில், காற்றுக்கு மேல்பக்கம் நின்றுகொண்டு. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு நைட்ரைல் உறை. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகிற சாமான் இது.

இனி, வடித்த கிளிசரோலுக்கு விடும் அமிலம். நான் பாவித்தது 85 வீதப் பொசுபோரிக் அமிலம். பற்றரிக் கடையில் கிடைக்கும் சல்பூரிக்கும் பிரிக்கும், ஆனால் அதோடு தண்ணீரும் உள்ளே போய்விடும், பிறகு மெதனோலை மீட்கும்போது தொல்லை. கணக்கு லேசு. பாவித்த ஐதரொட்சைட்டு 100 கிராமுக்கு அமிலம் 200 கிராம் சொச்சம், அதாவது 120 மில்லிலீற்றர் அளவில். ஊற்றுவதுதான் பொறுமை. நூல்போல விட்டு, கிண்டி, சூடு ஏறினால் நிறுத்தி, திரும்ப விட வேண்டும். பாதி அளவு போனபோது கலவை திடீரென்று தடித்துக் களியாகியது. அங்கே கைவிட்டுவிடத் தோன்றும், விடாமல் ஊற்றுங்கள். பிஎச் தாள் 5க்குக் கீழே காட்டிய இடத்தில் தடிப்பு உடைந்து, கோல் இலேசாகச் சுற்றத் தொடங்கியது. விடிய வந்து பார்த்தால் மூன்று அடுக்கு.

அமிலம் விட்ட பிறகு மெதனோலை மீட்பது நல்லது என்பது என் கட்சி. சவர்க்காரம் இருக்கும்போது சூடாக்கினால் நுரைத்துக் குளிர்த்தும் குழாய்வரை ஏறிவிடும். பிரித்த பிறகு நுரை இல்லை. மின்சூடாக்கி மட்டும், அடுப்பு கிட்டவும் இல்லை. மெதனோல் வற்றிய பிறகும் சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் கிளிசரோல் சிதைந்து அக்ரோலீன் வரும், கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் நஞ்சு. மீட்டதைச் சோடாப் போத்தலில் விடவே கூடாது. நிறமில்லாத சாமான், மணமும் சாராயம் மாதிரி. கசிப்பு என்று நினைத்து எவனாவது வாயில் வைத்தால் கண் போகும், உயிரும் போகும். எழுதி ஒட்டிய கான், பூட்டிய பெட்டி.

உப்பை வடித்துக் காயவைத்திருக்கிறேன். பொட்டாசியமும் பொசுபரசும் சேர்ந்தது, தென்னைக்குப் போடலாம். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த நேரம் இது கையில் இருந்திருந்தால் அத்தான் என்னைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பார். 2022 டீசல் வரிசைக் காலத்தில்தான் அவருடைய லேண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்துக்காக இந்த வேலையில் இறங்கினேன். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலுக்கு இயந்திரம் போகாவிட்டால் அந்தப் போகமே இல்லை. பிறகு அந்த வரிசை முடிந்துவிட்டது, நான்தான் விட்டபாடில்லை.

கொழுப்பமிலத்தை என்ன செய்வதென்று இரண்டு யோசனை. சல்பூரிக் அமிலத்தோடு மெதனோல் சேர்த்துத் திரும்ப டீசலாக்கலாம். இல்லாவிட்டால் பொட்டாசியம் ஐதரொட்சைட்டோடு காய்ச்சி இயந்திரம் கழுவும் மென்சவர்க்காரம். தேங்காய்க் கொழுப்பு என்பதால் நுரை அள்ளும். றோல்ஸ் கடைக்காரரிடம், நாங்கள் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடுகிறவரிடம், இதைச் சொன்னேன். "தம்பி, என்ட எண்ணெயிலயே சோப்புப் போட்டு என்ட தாச்சியையே கழுவித் தாங்களேன்" என்றார். சவர்க்காரப் பக்கம்தான் மனம் சாய்கிறது. கிளிசரோலை மெதனோல் முழுக்கப் போன பிறகு மாட்டுச் சாணி வாயுக்குழிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், ஒரேயடியாகக் கொட்டினால் குழி புளித்து வாயு நின்றுவிடும்.

இவ்வளவும் எழுதினேனே தவிர, மேலே தங்கிய டீசலை இன்னும் கழுவவில்லை. கழுவின தண்ணியை எங்கே விடுவது என்பதுதான் இழுபறி. மட்டக்களப்பு வாவியில் விடுகிற பேச்சே கிடையாது. முகத்துவாரம் மணலால் மூடிக்கிடக்கிற காலத்தில் உள்ளே போனது உள்ளேயே கிடந்து தண்ணியின் ஒட்சிசனைத் தின்னும், இறாலும் மீனும் சாகும். அதற்கும் அமிலம் விட்டு, மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்து, மிச்சத்தைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கிச் சீமெந்துத் தொட்டியில் வெயிலுக்கு வற்றவிடப் பார்க்கிறேன். தொட்டிக்குச் சீமெந்து வந்துவிட்டது, மேசன்தான் வரவில்லை. மாரி மழை தொடங்க முன் அவரைப் பிடிக்க வேண்டும்.