பழைய கோவாவின் பூசாத சுவர்

நாகர்கோவில்காரர்களுக்குப் புனித பிரான்சிஸ் சவேரியார் சொந்தக்காரர் மாதிரி. கோட்டாறு கோயில் திருவிழாவுக்கு டிசம்பர் 3 அன்று எங்கள் மாவட்டத்துக்கே விடுமுறை. முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்து, தமிழிலேயே செபம் சொல்லிக்கொடுத்தவர். அவர் உடல் இருக்கும் பழைய கோவாவுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன்.

அந்த உடலை வைத்திருக்கும் கோயில், பாம் ஜீசஸ் பசிலிக்கா, 1605இல் அர்ச்சிக்கப்பட்டது. முகப்பில் கீழே மூன்று வாசல், அதற்கு மேல் மூன்று சன்னல், அதற்கும் மேல் மூன்று வட்டச் சன்னல். உச்சியில் ஐ.எச்.எஸ். என்று இயேசுவின் பெயரைச் சுருக்கிய இயேசு சபை முத்திரை. தூண்களுக்கு மும்பைப் பக்கத்து வசாயிலிருந்து கொண்டுவந்த கருங்கல். மற்றபடி சுவரெல்லாம் சிவப்பு.

அம்மா பக்கச் சுவரில் கையை வைத்துத் தேய்த்தாள். உள்ளங்கையெல்லாம் செம்பொடி.

“இது நம்ம வெட்டுக்கல்லுல்லா மக்களே? பூசாமலா விட்டுருக்காவ?”

கட்டியவர்கள் பூசித்தான் வைத்திருந்தார்கள். வெட்டுக்கல் உடம்பெல்லாம் துளை. கொங்கண மழை அதில் இறங்கினால் கல் பொடியத் தொடங்கும். சுண்ணாம்புப் பூச்சுதான் அதற்குக் குடை. 1950களில், பழமை தெரியட்டும் என்று அதை உரித்துவிட்டார்கள். இன்று எல்லோரும் படம் எடுக்கும் அந்தச் சிவப்பு, தோல் உரிந்த சிவப்பு. மறுபடி பூசினால் அழகு போய்விடும் என்கிறவர்கள் உண்டு. போனால் போகட்டும், சுவர் நிற்க வேண்டும்.

உள்ளே வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே பீடம் மட்டும் பொன்னாக எரிகிறது. ஆளை மிஞ்சிய உயரத்தில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், தலைக்குமேல் சூரியனுக்குள் இருக்கும் அதே முத்திரையை அண்ணாந்து பார்க்கிறார். அவர் காலடியில் சின்னஞ்சிறு குழந்தை இயேசு. கோயிலின் பெயர் அந்தக் குழந்தையுடையது. முதலில் இஞ்ஞாசியாரைப் பார்த்து, அவர் பார்வையோடு மேலே போய், பிறகுதான் குழந்தையிடம் இறங்கினேன்.

வலப்பக்கம் சவேரியார். இத்தாலியின் டஸ்கனி கோமகன் மூன்றாம் கோசிமோ கொடுத்த பளிங்கு மேடை; ஃபிளாரன்ஸ் சிற்பி ஃபோஜினி செய்தது, 1698இல் இங்கே நிறுவினார்கள். அதன்மேல் கோவா தட்டார்களின் வெள்ளிப் பேழை, சுற்றிலும் அவர் வாழ்க்கையின் 32 காட்சிகள். பேழை நல்ல உயரத்தில் இருப்பதால் கீழே நிற்பவருக்கு அந்த வேலைப்பாடு முழுசாகப் பிடிபடுவதில்லை.

அம்மா உள்ளங்கையை முந்தானையில் துடைத்துவிட்டுச் சிலுவை போட்டாள். வெளியே வரும்போது அந்தச் சுவரருகே மறுபடி நின்றாள்.

“அடுத்த மழைக்கு முன்ன பூசிரணும்.”