அம்மாவின் சொதியில் மறுபடி தேங்காய்ப்பால்

அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தது 2011இல். கிளினிக்கில் தந்த தாளை பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தோம்: எண்ணெயைக் குறையுங்கள், தேங்காயைக் குறையுங்கள், முட்டை மஞ்சள் வேண்டாம். அன்றோடு சொதிக்குப் பால் விடுவது நின்றது, மீன் பொரிப்பது நின்றது, சம்பல்கூட வாரத்துக்கு ஒருநாள்தான். புட்டு மட்டும் நிற்கவில்லை. கறியில் ருசி போனதால் அம்மா இன்னும் கொஞ்சம் புட்டுப் போட்டுத்தான் வயிற்றை நிரப்பினார், பத்து மணிக்குப் பசித்தால் கிறீம் கிரக்கர், பின்னேரம் பாண், இரவு இடியப்பம். எண்ணெய் இல்லைதானே என்ற நம்பிக்கையோடு சாப்பிட்டார். ஒவ்வொரு கிளினிக்கிலும் சீனி ஏறியே இருந்தது, குளிசை கூடிக்கொண்டே போனது. அம்மா ஒளித்துச் சாப்பிடுகிறார் என்று நான் சந்தேகப்பட்டுக் கேட்டதும் உண்டு, அதை நினைத்தால் இன்றைக்கும் கவலையாக இருக்கிறது.

அப்புறம்தான் தேடி வாசிக்கத் தொடங்கினேன். 1977இல் அமெரிக்க செனற் குழு ஒன்று, ஜோர்ஜ் மக்கவர்ன் தலைமையில், சாப்பாட்டுச் சக்தியில் கொழுப்பின் பங்கை 30 வீதத்துக்குக் குறைத்து மாச்சத்தை, அதாவது சோறு, புட்டு, பாண் போன்றவற்றில் இருந்து உடம்பில் சீனியாக மாறுவதை, கூட்டச் சொன்னது. மாட்டிறைச்சியும் வெண்ணெயுமாகச் சாப்பிட்ட மக்களுக்குச் சொன்னது அது. கோப்பை நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு துண்டு மீன் என்று சாப்பிடுகிற எங்களிடம் "கொழுப்பைக் குறை" என்றால் குறைவது அந்த மீனும் பாலும்தான், சோறு அப்படியே இருக்கும். அமெரிக்காவிலேயே 48,835 பெண்களை வைத்து ஏறத்தாழ 8 வருடம் நடத்திய பெரிய ஆய்வில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு இருதய நோய் சொல்லும்படியாகக் குறையவில்லை என்று 2006இல் முடிவு வந்தது. எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் அந்தத் தாள் அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் ஒட்டியிருந்தது.

சரி, மாச்சத்தை விட்டுக் கொழுப்பைச் சாப்பிடு என்கிற மற்றப் பக்கம் முழுக்கச் சரியா என்றால் அதுவும் இல்லை. ரொறொன்ரோவில் இருக்கிற மச்சாள் போனில், "சோத்தை அடியோட விடுங்கோ மாமி, தேங்காயெண்ணெய் குடியுங்கோ" என்றா. அம்மா அடுத்த நாளே இரவுச் சாப்பாட்டில் மாவை நிறுத்திவிட்டார், ஆனால் சீனிக் குளிசையைப் பழைய அளவிலேயே போட்டார். இரவு பதினொன்றரைக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி வெறும் 54. சீனித்தண்ணி கொடுத்து, கால்மணி நேரத்தில் திரும்பக் குத்திப் பார்க்கும்வரை எனக்கு உயிரில்லை. காலையில் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஏசவில்லை. "அம்மா, மாவைக் குறைக்கிறது நல்லதுதான். ஆனா குளிசையையும் சேர்த்துக் குறைக்க வேணும், என்னட்டச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ" என்றார். இன்சுலின் போடுகிறவர்களும், சீனியை இறக்குகிற குளிசை போடுகிறவர்களும் தயவுசெய்து இந்த ஒரு பந்தியையாவது இரண்டுதரம் வாசியுங்கள்.

தேங்காயெண்ணெய்க் கதை வேறு. காலையில் கோப்பிக்குள் இரண்டு கரண்டி விட்டு மூன்று மாதம் குடித்தார், கெட்ட கொலஸ்ட்ரோல் 118இல் இருந்து 161க்குப் போனது. அந்த எண்ணெயில் 80 வீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். குடிப்பதை நிறுத்தினோம். சொதிக்குக் கொஞ்சம் பால் விடுகிறோம், தாளிக்க நல்லெண்ணெய், கிழமையில் நாலு நாள் பாசையூரில் வாங்குகிற சூடை மீனோ கீரி மீனோ.

இப்போது காலையில் ஒரு சிரட்டை அளவு புட்டு, அதைவிட இரண்டு மடங்கு முருங்கையிலை வறை, ஒரு முட்டை. மத்தியானம் சோறு கறியளவு, கறி சோற்றளவு. குரக்கன் புட்டு, ஒடியல் பிட்டு, மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு எல்லாம் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள், அவற்றில் நார் கூடத்தான், ஆனாலும் அவையும் மாச்சத்துத்தான். அம்மாவின் மீற்றரில் நானே பார்த்தேன், குரக்கன் புட்டு மூன்று சிரட்டை சாப்பிட்ட அன்று 240.

2018இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ மெலிந்தார்கள், மாச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ, பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் முதலில் சொன்னது சீனியையும் வெள்ளை மாவையும் குறைத்து மரக்கறியைக் கூட்டுங்கள் என்றுதான். அது சீனி வருத்தக்காரருக்கான ஆய்வு இல்லை, ஆனால் எனக்கு அந்த முதல் வரி போதும்.

அம்மாவின் மூன்று மாதச் சீனிச் சராசரி (HbA1c) 9.1இல் இருந்து 7.2க்கு வந்திருக்கிறது. அடுத்த கிளினிக் வெள்ளிக்கிழமை. இரவுக் குளிசையை நிறுத்தலாமா என்று கேட்கப் போகிறார், கேள்வியைத் தானே ஒரு துண்டில் எழுதி, அந்தப் பழைய தாள் இருந்த இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.