நாடில்லாத மன்னருக்கு 312 செ.மீ. காலக்கோடு: இதுவரை முடிந்தது

ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டின் வாழ்க்கையைச் சுவரில் ஒட்டும் காலக்கோடாக வரைகிற வேலை இது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு மகனாகப் பிறந்து, தந்தை அரியணை இழந்த நேரத்தில் ஆறு மாதக் கைக்குழந்தையாகத் தாய் மேரியோடு பிரான்சுக்குத் தப்பிப் போனவர். கத்தோலிக்க மதத்தை விட்டால் அரியணைக்கு வழி பிறக்கலாம் என்று பலர் சொல்லியும் கடைசிவரை விடாதவர். அடிக்கோடும் இடம் காட்டும் நிறப்பட்டைகளும் முடிந்துவிட்டன. ரோம் பகுதி பாதியில் நிற்கிறது.

அளவு: ஆண்டுக்கு 4 செ.மீ. 1688 தொடங்கி 1765 முடிய 78 ஆண்டுகள், ஆக 312 செ.மீ. 22-க்கு 28 அங்குல சார்ட் பேப்பரை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால், ஒட்டுக்கு 1 செ.மீ. போக ஒரு துண்டில் 70 செ.மீ. தேறும். ஐந்து துண்டுகள் வேண்டும். மூன்று பேப்பர் வாங்கினால் போதும். பசை தடவினால் ஒட்டு நெளிகிறது, இருபக்க டேப்பே மேல். அவர் இறந்தது 1766 ஜனவரி 1 என்பதால் கோடு முடிகிற இடமும் அதுவே.

தலைவலி முழுக்கத் தேதியில்தான். அவர் குடியிருந்த பிரான்சிலும் இத்தாலியிலும் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி. அவர் உரிமை கோரிய பிரிட்டனில் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டி. 1700 பிப்ரவரி முடியும் வரை வித்தியாசம் 10 நாள், அதற்குப் பிறகு 11 நாள். ஆகவே அட்டவணையில் ஒவ்வொரு தேதிக்கும் மூன்று கட்டம்: மூலத்தில் உள்ளபடி, எந்த நாட்காட்டி, கிரிகோரியனில் எவ்வளவு. கோட்டில் புள்ளி வைப்பது மூன்றாவது கட்டத்தைப் பார்த்து மட்டுமே. எக்செல் 1900-க்கு முந்தைய தேதியை வெறும் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும், கூட்டல் கழித்தல் நடக்காது. லிப்ரே ஆபீஸ் கால்க் அதைத் தேதியாகவே ஏற்கிறது.

கலந்துவிட்டால் என்ன ஆகும்? தந்தை பாரிசுக்கு அருகே செயின்ட் ஜெர்மெயினில் இறந்து, பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி இவரை மூன்றாம் ஜேம்ஸ் என்று அங்கீகரித்த நாள் 1701 செப்டம்பர் 16. லண்டன் கணக்கில் செப்டம்பர் 5. இறந்த நாள் ரோமின் கணக்கு. இரண்டையும் கிரிகோரியனில் எடுத்தால் 'ஆட்சி' 64 ஆண்டு, 3 மாதம், 16 நாள். தொடக்கத்துக்கு மட்டும் லண்டன் தேதியை எடுத்தால் 11 நாள் சும்மா கூடிவிடும்.

பிறந்தநாளில் நிலைமை நேர்மாறு. பிறந்தது 1688 ஜூன் 10, கிரிகோரியனில் ஜூன் 20. இவருக்காக ஸ்காட்லாந்தில் நடந்த கிளென்ஷீல் போர் 1719 ஜூன் 10, கிரிகோரியனில் ஜூன் 21. போர் அவருடைய 31-ஆவது பிறந்தநாளில் நடந்தது என்பது ஜூலியனில்தான் பொருந்தும். கிரிகோரியன் கட்டத்தைப் பார்ப்பவருக்கு ஒரு நாள் உதைக்கும். அந்தப் புள்ளிக்கு அருகில் பழைய தேதியையும் எழுதியே ஆக வேண்டும்.

ஆண்டு எண்ணும் காலை வாரும். அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25, ஸ்காட்லாந்தில் 1600 முதலே ஜனவரி 1. இளைய மகன் ஹென்றி ரோமில் பிறந்தது 1725 மார்ச் 6. அதே நாள் இங்கிலாந்தின் சட்டக் கணக்கில் 1724 பிப்ரவரி 23. ஜனவரிக்கும் மார்ச் 24-க்கும் இடையில் விழும் ஆங்கிலத் தேதிகளை மட்டும் தனி நிறத்தில் குறித்து, கடைசியில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

இவரை அரியணையில் ஏற்ற ஸ்காட்லாந்தில் எழுந்த 1715 கிளர்ச்சி, ஆண்டுக்கு 4 செ.மீ. என்ற அளவில் அடங்கவே அடங்காது. அதற்குக் கீழே தனிப்பெட்டி, நாளுக்கு 2 மி.மீ. ப்ரேமாரில் மார் பிரபு கொடி ஏற்றிய செப்டம்பர் 6 முதல், ஜேம்ஸ் மான்ட்ரோஸிலிருந்து கப்பல் ஏறிய பிப்ரவரி 4 வரை 151 நாள், 30.2 செ.மீ. இந்தப் பெட்டி மட்டும் முழுக்க ஜூலியன். ஷெரிஃப்முயர் போர் நவம்பர் 13. அவர் பீட்டர்ஹெட்டில் இறங்கியதோ டிசம்பர் 22. சண்டை முடிந்து ஐந்து வாரத்துக்கு மேல் கழித்து வந்தார் என்பதை எத்தனை பக்கம் படித்தாலும் இந்த 7.8 செ.மீ. இடைவெளி மாதிரி மனதில் பதியாது. ஸ்காட்லாந்தில் அவர் கால் பதித்திருந்த 44 நாளுக்கு 8.8 செ.மீ.

இனி ரோம். 1719 இலையுதிர் காலத்திலிருந்து சுமார் 185 செ.மீ., அதாவது மொத்த நீளத்தில் பாதிக்கும் மேல். பலர் இதை 'ஓய்வுக்காலம்' என்று வெறுமையாக விடுகிறார்கள், அது சரியில்லை. முட்டி மாளிகையில் இருந்துகொண்டு அயர்லாந்தின் கத்தோலிக்க ஆயர் பதவிகளுக்கு இவர் பெயர் பரிந்துரைப்பதும் போப் ஏற்பதும் 1766 வரை நடந்தது. மன்னர் என்ற உரிமை நடைமுறையில் வேலை செய்த இடம் அதுதான். மகன் சார்லஸுக்கு அந்த அங்கீகாரத்தைப் போப் தரவில்லை. ஆகவே ஆயர் நியமனங்களுக்கு மேல்பக்கம் ஒரு தனி வரிசை கிழித்தாகிவிட்டது.

நிறப்பட்டையில் கவனிக்க வேண்டியது: ரோம் முழுக்க ஒரே நிறம் பூசக்கூடாது. மனைவி கிளெமென்டினா 1725 நவம்பரில் கோபித்துக்கொண்டு சாந்தா செசிலியா கன்னிமடத்துக்குப் போன பிறகு, 1726-இல் இவர் பொலோன்யாவுக்குக் குடிபெயர்ந்தார். 1727-இல் பிரிட்டன் மன்னர் முதலாம் ஜார்ஜ் இறந்த செய்தி கேட்டு லொரெய்ன் வரை ஓடி, அவிஞ்ஞோன் வழியாகத் திரும்பினார். பொலோன்யா நிறத்துக்குள் அந்தப் பயணம் மெல்லிய கோடாக வர வேண்டும், 0.5 பேனா போதும். அடுத்து ஆயர் வரிசையில் பெயர்களை ஏற்றும் வேலை.