டெரி 1920: ஒரு மாநகராட்சி கைமாறிய விதம்

1920 ஜனவரியில், இன்றைய வட அயர்லாந்தில் உள்ள டெரி நகரின் மாநகராட்சி யூனியனிஸ்டுகளிடமிருந்து (பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பியவர்கள்) கைமாறியதைப் புரிந்துகொள்ள, ஒற்றை மாற்று வாக்கு முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதுவார். செல்லுபடியான வாக்குகளை, இடங்களோடு ஒன்று கூட்டி வகுத்து, மேலும் ஒன்று சேர்த்தால் கோட்டா, அதாவது வெல்லத் தேவையான வாக்கு: 4 இடம், 1,000 வாக்கு என்றால் 201. அதற்கு மேல் கிடைத்த உபரி அடுத்த விருப்பத்துக்குப் போகும். உபரி இல்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குச்சீட்டுகளை அடுத்த விருப்பப்படி பிரிப்பார்கள். ஒரே பெயரோடு நிறுத்திய சீட்டு இங்கேதான் வீணாகும்.

இந்த முறையில் நடந்த தேர்தலில், அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட தேசியவாதிகளும் முழு விடுதலை கேட்ட சின் ஃபெயின் கட்சியும் சேர்ந்து 40 இடங்களில் பெரும்பான்மை பெற்றார்கள். ஹியூ ஓ'டொஹர்ட்டி மேயரானார். இருநூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் கத்தோலிக்க மேயர். மகத்தான திருப்பம்! ஆனால் 1922இல் வட அயர்லாந்து அரசு உள்ளாட்சியில் இந்த முறையையே ஒழித்தது. வார்டு எல்லைகளும் மாற்றி வரையப்பட்டன. மாநகராட்சி மறுபடி யூனியனிஸ்டுகள் வசமானது.