எண்ணிக்கை பிழைத்த இடம்

இலங்கையின் வடமேற்குக் கடலடியில் உள்ள மன்னார்ப் படுகையில் 2011இல் இயற்கை வாயு கண்டுபிடித்ததில் இருந்தே எனக்கு ஒரு கேள்வி. அது ஒருநாள் கரைக்கு வந்தால் எப்படிச் சுத்தம் செய்வார்கள்? போன மாரியில், உப்புவெளிக் கடல் கலங்கிக் கிடந்த நாட்களில், காப்புரிமை ஆவணங்களைத் தோண்ட உட்கார்ந்தேன். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெனெட் தளத்தில் தேடக் காசு வேண்டாம்.

முதல் கிழமை வீண். 'இயற்கை வாயு' என்று ஆங்கிலத்தில் தேடினால் அடுப்பும் எஞ்சினும் வந்து கொட்டின. காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டுக் குறியீடு தெரிந்த பிறகுதான் வழி பிறந்தது. வாயுவைப் பதப்படுத்த சி10எல் 3/10, குளிரவைத்துப் பிரிக்க எஃப்25ஜே 3/02.

காப்புரிமைகளை ஆண்டுவாரியாக எண்ணி வரைபடம் போட்டு அக்காவிடம் காட்டினேன். அவர் சித்திரம் படிப்பிக்கிறவர். ஆவணங்களைப் புரட்டிவிட்டு, "தம்பி, இதும் இதும் ஒரே படம்தானே?" என்றார். உண்மைதான். ஒரே கண்டுபிடிப்பு அமெரிக்காவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பதிவாகியிருந்தது. நான் மூன்றாக எண்ணியிருந்தேன். சரி என்று, ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் உள்ள பதிவுகளை ஒரு காப்புரிமைக் குடும்பமாகச் சேர்த்து, முதல் விண்ணப்பத் திகதிப்படி திரும்ப எண்ணினேன். கோடு கடைசியில் சரிவதையும் நம்பக் கூடாது. விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும்.

ஆனால் எண்ணிக்கையை விட வாசிப்பில்தான் விஷயம் இருந்தது. வாயுப் பதப்படுத்தும் முறைகளை வடிவமைக்கும் ஓர்ட்லொஃப் நிறுவனத்தின் காப்புரிமைகள் பலவற்றுக்கும் ஒரே தலைப்பு: 'ஐதரோகாபன் வாயுப் பதப்படுத்தல்'. தலைப்பை வைத்து எதுவும் பிடிபடாது, படத்தைத்தான் பார்க்க வேண்டும். 1979இல் வழங்கப்பட்ட 4,157,904ஆம் இலக்க அமெரிக்கக் காப்புரிமையில், வரும் வாயுவில் ஒரு பங்கைத் தனியே எடுத்து நன்றாகக் குளிரவைத்து, அழுத்தத்தைக் குறைத்து, மெதேன் பிரிக்கும் கோபுரத்தின் உச்சியில் விடுகிறார்கள். மிச்சம் விரிவுச் சுழலி (வாயு விரிந்து சுழலியைச் சுற்றி, தானும் குளிரும் பொறி) வழியே போகிறது. உச்சியில் இருந்து விழும் குளிர்திரவம், மெதேனோடு தப்பப் பார்க்கும் எதேனைக் கழுவிக் கீழே கொண்டுவருகிறது. எவ்வளவு அழகான யோசனை! பிந்திய ஆவணங்களில் பழைய முறையின் படமும் புதியதும் அடுத்தடுத்து இருக்கும். கூடவே எவ்வளவு எதேன் மீண்டது, வாயுவை அழுத்தும் அமுக்கிக்கு எத்தனை குதிரைவலு என்ற அட்டவணை. இரண்டையும் அச்செடுத்து, மாறிய குழாயை மட்டும் சிவப்புப் பேனையால் தடித்தேன்.

ஒரு காப்புரிமை முந்தியவற்றைச் சுட்டும் மேற்கோள்களைப் பின்னோக்கித் துரத்தியதில், அமில வாயுக்களை உறிஞ்சும் அமீன் கரைசலால் ஐதரசன் சல்பைட்டையும் காபனீரொட்சைட்டையும் நீக்கும் பொட்டம்ஸின் 1930ஆம் ஆண்டுக் காப்புரிமை வரை போனேன்.

இப்போது கொப்பியில் காலாவதிக்கு ஒரு நிரல் சேர்க்கிறேன். காலாவதியான முறையை யாரும் உரிமைப்பணம் கொடுக்காமல் கட்டலாம், மன்னாரிலும்தான். 1979 வரிக்குப் பச்சை அடித்தாயிற்று.