தடைக்காலமும் தூக்கமும்

ஜூன் 9, 2025, திங்கள். கடலூர் முதுநகர்.

மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் விசைப்படகுக்காரர்கள் வீட்டோடு இருப்பதால், கணவரிடம் அடிபட்டு என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெண்கள் இந்த மாதங்களில் இன்னும் தளர்ந்துபோய் வருகிறார்கள். இன்று வந்த மீன்காரப் பெண் (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்) முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம், பத்தில் மூன்று மீதி. "இதப் போட்டு, அவரு வெச்ச பிராந்தியில ரெண்டு மூடி ஊத்திக்கிட்டாதான் கண்ணு மூடுதுக்கா" என்றார்.

மதுவும் இம்மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு ஒடுங்கிவிடக்கூடும் என்று விளக்கினேன். ஆயினும் இன்றே நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. நாள்பட எடுத்துக்கொண்டவர் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம் என்பதால், மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்.

அந்தப் பெண் இதற்கு முன் உதவி கேட்டுப் போன ஓரிடத்தில், "முதலில் குடியை விட்டுவிட்டு வாம்மா, மற்றதைப் பிறகு பேசலாம்" என்று அனுப்பிவிட்டார்களாம். கோபம் வந்தது. தாங்கமுடியாத மனநிலையைத் தணிக்கவே பலர் போதையை நாடுகிறார்கள் என்று மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985இலேயே எழுதினார். குடிக்கிற பெண்ணுக்கு அடி விழுந்தால் அக்கம்பக்கத்தார் அதை நியாயம் என்றே பேசுவார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டமோ, பாதுகாப்பு கேட்பவர் குடிக்காதவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்.

தடை நீங்கிக் கணவர் கடலுக்குப் போய்விட்டார். அடிக்கிற கை வீட்டில் இல்லை, ஆனாலும் தூக்கம் வரவில்லை என்கிறார். பேசிக்கொண்டிருக்கையில் பக்கத்துக் கடையின் ஷட்டரை யாரோ இழுத்துவிட, அவர் இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபின், அப்படிச் செய்ததற்காக வெட்கப்பட்டார். வேண்டாத நினைவுகள் திரும்பத் திரும்ப வருவது, அவற்றைத் தூண்டும் இடங்களைத் தவிர்ப்பது, தன்னையே பழித்துக்கொள்வது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவர்கள் அதற்கொரு நோய்ப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும், அந்த நடுக்கத்துக்கும் மாத்திரைப் பழக்கத்துக்கும் ஒருசேரச் சிகிச்சை உண்டு என்றும் சொன்னேன். "அப்ப நான் பைத்தியம் இல்லியாக்கா?" என்று இரண்டு முறை கேட்டார்.

வியாழனன்று மனநல மருத்துவரிடம் உடன் போகிறேன். பெண்கள் உதவி எண் 181ஐத் தன் கைப்பேசியில் 'ஐஸ்காரர்' என்ற பெயரில் பதிந்துகொண்டார்.